மூங்கில் கழியும் திருகாணிப் பெட்டியும்

எங்கள் கடலூர்ப் பக்கத்தில் சவுக்குக் கழிக்குப் பஞ்சமே கிடையாது. பந்தல் போடச் சவுக்கு, கட்டிடத்துக்குச் சாரம் கட்டச் சவுக்கு, மிஞ்சினது அடுப்புக்கு. மூங்கில் என்றால் முறம், கூடை, தட்டி. கடைசிப் பிரயாணத்துக்கும் அதுதான். ஆனால் அதை வெள்ளிக்கிழமையும் அதுவுமாக எழுத வேண்டாம். இந்தக் கழிகளை ஊன்றிக்கொண்டு ஆகாயத்தில் எழும்பி ஒரு குறுக்குக் கம்பைத் தாண்டலாம் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குச் சாதாரணமாகத் தோன்றுகிற யோசனை அல்ல. எனக்கும் தோன்றியதில்லை. சிதம்பரத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதும் வரையில்!

இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் பாதி சமையலைப் பற்றியவை. மீதிப் பாதி மாமியாரைப் பற்றியவை. இந்தச் சகோதரியின் கடிதத்தில் மாமியார் வருகிறார் என்றாலும் விஷயம் வேறு. அவருடைய பெண்ணுக்குப் பதினான்கு வயது. நல்ல உயரம், ஓட்டத்தில் கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை, "இவள் கோலூன்றித் தாண்டுதல் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று சொல்லி, பெற்றோர் சம்மதக் காகிதம் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பெண்ணுக்கு ராத்திரி தூக்கமில்லை, அவ்வளவு சந்தோஷம்! பாட்டி ஒரே போடாகப் போட்டுவிட்டார். "பெண்ணாகப் பிறந்தவள் கழியைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகப் பறப்பதாவது? கை கால் ஒடிந்தால் நாளைக்கு எவன் வந்து கட்டிக்கொள்வான்?" பெண்ணின் தகப்பனார் அதிகம் பேசுகிறவர் அல்லர். "இதெல்லாம் சோறு போடுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஆபீஸுக்குப் புறப்பட்டுவிட்டார். காகிதம் கையெழுத்தாகாமல் அரிசி டப்பாவுக்கு அடியில் கிடக்கிறதாம். "அக்கா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

முதலில் அந்தத் தகப்பனாரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். "சோறு போடுமா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அமெரிக்கரின் ஞாபகம் வருகிறது. அவர் பெயர் ஆல்பிரட் கார்ல்டன் கில்பர்ட்.

1884-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், ஆரிகன் மாகாணத்து ஸேலம் என்ற ஊரில் பிறந்தார். ஆமாம், அங்கேயும் ஒரு சேலம் இருக்கிறது; மாம்பழத்துக்குப் பேர் போனதா என்று கேட்காதீர்கள். தகப்பனார் பாங்கி வைத்திருந்தவர்.  பிள்ளையாண்டான் சிறு வயதிலேயே வைராக்கியத்தோடு உடற்பயிற்சியில் இறங்கினார். இறங்கியவர் ஏறிக்கொண்டே போனார். பதினாறு வயதில் கம்பியில் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வருகிற மாதிரி விடாமல் 39 தடவை உடம்பைத் தூக்கினார். நம்மில் யாராவது கொடிக் கம்பியில் ஒரு தடவை முயன்று பார்த்தால் 39 என்பதன் அருமை விளங்கும். (கொடிக் கம்பி அறுந்தால் நான் பொறுப்பில்லை.)

உடற்பயிற்சி ஆசிரியராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதற்கு மனித சரீரத்தைச் சரியாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, யேல் சர்வகலாசாலையில் வைத்தியப் படிப்புக்குச் சேர்ந்தார். சம்பளம் கட்டப் பணம்? அங்கேதான் வேடிக்கை. சிறு வயது முதல் அவருக்குச் செப்பிடு வித்தையில் பைத்தியம். முட்டையை மறைப்பது, சீட்டை மாற்றுவது, தொப்பிக்குள்ளிருந்து துணி துணியாக உருவுவது எல்லாம் கைவந்த கலை. பணக்காரர் வீட்டு விருந்துகளிலும் சங்கங்களிலும் வித்தை காட்டி, அந்த வருமானத்தில் டாக்டருக்குப் படித்தார். பகலில் எலும்புக்கூடு, மாலையில் மைதானம், ராத்திரி மாயாஜாலம்! நம் வீட்டில் ஒரு பிள்ளை இப்படி இருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைகளை அச்சில் போட முடியாது.

மைதானத்தில் அவர் எடுத்துக்கொண்ட வித்தைதான் கோலூன்றித் தாண்டுதல். இந்த வித்தை ஒன்றும் அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததல்ல. ஹாலந்து தேசத்தில் எங்கே பார்த்தாலும் வாய்க்கால். வரப்பிலிருந்து வரப்புக்குப் போகக் குடியானவர்கள் நீண்ட கழியை வாய்க்காலின் நடுவில் ஊன்றி ஒரே வீச்சில் அக்கரை போய்விடுவார்கள். 17-ஆம் நூற்றாண்டில் நம் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கடை விரித்தார்களே, அதே டச்சுக்காரர்கள்தான். அவர்களில் யாராவது கெடிலத்தை இப்படித் தாண்ட முயன்று நடுவில் விழுந்தார்களா என்று சரித்திரத்தில் இல்லை. வாய்க்காலைத் தாண்ட நீளம் வேண்டும். விளையாட்டில் அது உயரமாக மாறியது. 1896-ல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இதற்கு இடம் கிடைத்துவிட்டது.

கில்பர்ட் காலம் வரையில் பெரும்பாலும் கனத்த மரக் கழிதான். அடியில் இரும்பு முள். ஓடி வந்து அந்த முள்ளைத் தரையில் குத்த வேண்டும். மரம் கனம், வளையாது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தவுடன் மூங்கில் வந்தது. கனம் குறைவு, கொஞ்சம் வளையும், ஒடிந்தாலும் நார் நாராகப் பிளக்குமே தவிர சட்டென்று முறியாது. முறம் முடைகிறவர்களுக்கு எந்தக் காலமாகவோ தெரிந்த ரகசியம் இது! மூங்கிலின் அருமையை முதலில் உணர்ந்தவர்களில் கில்பர்ட் ஒருவர். இரும்பு முள்ளைக் குத்துவதற்குப் பதிலாகத் தரையில் ஒரு சின்னக் குழி தோண்டி, கழியின் நுனியை அதில் பொருத்திவிட்டால் சறுக்காமல் நிற்கும் என்பதும் அவர் கட்சி. 1906-ல் 12 அடி 7 அங்குலத்துக்கும் மேல் தாண்டி, உலகத்திலேயே அதிக உயரம் தாண்டியவர் என்று பெயர் வாங்கினார்.

இரண்டு வருஷம் கழித்து, 1908-ல் லண்டன் ஒலிம்பிக். அங்கே போனால் ஒரே தகராறு. "எங்கள் புல்தரையில் குழியா? கூடாது" என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். வாக்குவாதம் வளர்ந்தது. போதாக்குறைக்கு, இறுதிப் போட்டி நடந்த ஜூலை 24-ஆம் தேதியன்றுதான் மாரத்தான் ஓட்டமும். இத்தாலிக்காரர் டொராண்டோ பியெட்ரி மைதானத்துக்குள் தள்ளாடிக்கொண்டு வந்து, விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, பிறர் தாங்கிக் கோட்டைத் தாண்டிவைத்த பிரசித்தமான நாள் அது. பார்த்தவர்கள் கண்ணெல்லாம் அங்கே. ஒரு பக்கம் ராணியம்மாள் முதல் எல்லோரும் மாரத்தானைப் பார்த்துக் கண் கலங்கிக்கொண்டிருக்க, மறு பக்கம் கழியும் கையுமாக நின்றவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் கில்பர்ட்டும் எட்வர்ட் குக் என்ற இன்னொரு அமெரிக்கரும் 3.71 மீட்டர் தாண்டிச் சமமாக நின்றார்கள். மேற்கொண்டு மோதிப் பார்க்க நேரமில்லாமல், இருவருக்கும் தங்கப் பதக்கம் என்று தீர்ப்பாயிற்று. மூன்றாம் இடத்திலும் மூன்று பேர் சமம். அவர்களுக்கும் ஆளுக்கொரு வெண்கலம். பந்தியில் அப்பளம் போட்ட மாதிரி!

அதே வருஷம் மேரி தாம்ப்ஸன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1909-ல் வைத்தியப் பட்டமும் கைக்கு வந்தது. இனி என்ன, வாசலில் பலகை மாட்டி ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே? மாட்டவில்லை. டாக்டர் கில்பர்ட் ஒரு நாள்கூட வைத்தியம் பார்க்கவில்லை. செப்பிடு வித்தைச் சாமான்கள் செய்து விற்கும் சின்னக் கம்பெனி ஒன்றை நண்பருடன் சேர்ந்து ஆரம்பித்திருந்தார்; அதையே கட்டிக்கொண்டு அழுதார். பெற்றவர்கள் வயிறு எப்படி எரிந்திருக்கும்! சிதம்பரத்துத் தகப்பனார் இந்த இடத்தில், "பார்த்தாயா, நான் சொல்லவில்லையா?" என்பார். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

1911-ல் ஒரு நாள் நியூ ஹேவனிலிருந்து நியூ யார்க்குக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பாதைக்கு அப்போது மின்சாரம் போட்டுக்கொண்டிருந்த சமயம். ஜன்னலுக்கு வெளியே எஃகு உத்தரங்களை ஒன்றோடொன்று பிணைத்து உயர உயரமான கோபுரங்களைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பிரயாணிகளும் அதைப் பார்த்தார்கள். இவருக்கு மட்டும், 'இதையே சின்னதாகச் செய்து ஒரு பிள்ளை கையில் கொடுத்தால்?' என்று தோன்றியது. வீட்டுக்குத் திரும்பியவுடன் மனைவியையும் உட்கார வைத்துக்கொண்டு அட்டையை உத்தரம் உத்தரமாகக் கத்தரித்தார். ஒரு பெரிய வியாபாரம் சாப்பாட்டு மேஜை மேல் கத்தரிக்கோலும் அட்டையுமாகத்தான் ஆரம்பித்தது. மேரி அம்மாளின் பெயரைச் சொல்கிறவர்கள் குறைவு. ஆகையால் நான் சொல்லி வைக்கிறேன்.

1913-ல் அது 'எரெக்டர்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. துளையிட்ட எஃகுச் சட்டங்கள், திருகாணிகள், மரைகள், சின்னச் சக்கரங்கள். பாலம் கட்டலாம், பளு தூக்கி செய்யலாம், ராட்டினம் சுற்ற விடலாம். இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901-லேயே பதிவு செய்த மெக்கானோவும் இதே ஜாதிதான். நம் ஊரில் அந்தப் பெட்டிதான் அதிகம் புழங்கியது. வளைகாப்புக்கு வந்த வீட்டில் கட்டிலுக்கடியில் திருகாணி குத்தி நொண்டிய அத்தைமார்கள் எத்தனை பேர்! கில்பர்ட்டின் பெட்டியில் மின்சார மோட்டாரும் சேர்ந்ததால் கட்டின பொம்மை ஓடவும் செய்தது. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று.

1918-ல் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். முதல் உலக யுத்தம். இரும்பும் ஆள்பலமும் யுத்தத்துக்கு வேண்டும், ஆகையால் அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பொம்மை வியாபாரத்தையே நிறுத்தி வைக்கலாமா என்று அமெரிக்க சர்க்காரின் தேசப் பாதுகாப்புக் கவுன்ஸில் யோசித்தது. பொம்மைக்காரர்கள் சங்கத்தின் சார்பில் கில்பர்ட் வாஷிங்டனுக்குப் போனார். கையில் மனு மட்டும் அல்ல; பொம்மைப் பெட்டிகளும். பேச வேண்டியதைச் சுருக்கமாகப் பேசிவிட்டு, பெட்டிகளைத் திறந்து மேஜை மேல் பரப்பினார். யுத்த மந்திரி, கப்பற்படை மந்திரி, வர்த்தக மந்திரி எல்லோரும் நரைத்த தலைகள். ஐந்து நிமிஷத்தில் அவரவர் ஒரு பொம்மையைக் கையில் எடுத்துவிட்டார்கள். கப்பற்படை மந்திரிக்கு நீர்மூழ்கிக் கப்பல் பொம்மையை விட மனமில்லை! தடை யோசனை கைவிடப்பட்டது. 'கிறிஸ்துமஸைக் காப்பாற்றிய மனிதர்' என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டம் சூட்டின. அதே பெயரில் 2002-ல் ஒரு தொலைக்காட்சிப் படமும் வந்தது.

அப்புறம் ரசாயனப் பெட்டி, பொம்மை ரயில், வீட்டுக்கு மின்விசிறி, மாவு கலக்கும் யந்திரம் என்று வளர்ந்தது கம்பெனி. எல்லாம் நல்லதாகவே செய்தார் என்று சொல்ல மாட்டேன். 1950-ல் 'அணுசக்திப் பெட்டி' என்று ஒன்று போட்டார். உள்ளே நிஜமான யுரேனியத் தாது! விலை 49 டாலர் 50 சென்ட். பிள்ளைகள் கையில் கொடுக்கிற சாமானா அது? நல்ல வேளையாக விலையைப் பார்த்தே தாய்மார்கள் பயந்துவிட்டார்கள், ஐயாயிரம்கூட விற்கவில்லை. இன்னொரு குறையும் எனக்கு உண்டு. அவருடைய விளம்பரங்களெல்லாம் 'பையன்களே!' என்றுதான் கூப்பிடும். பெண்களே என்று ஒரு வார்த்தை இல்லை. 1950-களில் அந்தக் கம்பெனிக்கு ஞானோதயம் வந்து, பெண்களுக்கென்று ஒரு விஞ்ஞானப் பெட்டி போட்டார்கள். பெட்டிக்கு இளஞ்சிவப்பு வர்ணம். பெயர் 'லேப் டெக்னீஷியன்' பெட்டி. பையன் விஞ்ஞானி, பெண் டெக்னீஷியன். நன்றாயிருக்கிறது நியாயம்!

1961 ஜனவரியில் கில்பர்ட் காலமானார். 1967-ல் கம்பெனியும் மூடப்பட்டது. பிறந்த ஊரில் அவர் பெயரால் ஒரு குழந்தைகள் பொருட்காட்சி சாலை இருக்கிறது.

ஆகவே சிதம்பரத்துத் தகப்பனாருக்கு நான் சொல்வது: கழி அவருக்குச் சோறு போட்டது என்று சாதிக்க மாட்டேன். கழியை ஊன்றினவரும் அட்டையைக் கத்தரித்தவரும் ஒரே ஆள் என்பதுதான் விஷயம். குழி தோண்டினால் சறுக்காது என்று மைதானத்தில் யோசித்த அதே மூளைதான் திருகாணிப் பெட்டியையும் யோசித்தது. அது போகட்டும், நம் ஊர்க் கணக்கே தனி. ரயில்வேயிலும் போலீஸிலும் ராணுவத்திலும் விளையாட்டுக்காரர்களுக்கென்று இடம் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு சர்க்கார் உத்தியோகங்களில் 3 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். கல்லூரிகளிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ஆனால் அது பதக்கம் வாங்குகிறவர்களுக்கு. போகிற எல்லோருக்கும் அல்ல. இதை மறைத்து நான் கையெழுத்து வாங்கித் தர மாட்டேன்.

கில்பர்ட் பிறந்த அதே 1884-ல் பிறந்த இன்னோர் அமெரிக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாரி குரோ பக் என்று பெயர். அவரும் உடற்பயிற்சி ஆசிரியராக வேண்டும் என்று படித்தவர். ஒருவர் பொம்மைக் கடைக்குப் போனார். மற்றவர் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். 1920-ல் பக் துரை சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஆரம்பித்தார். நந்தனத்தில் இன்றும் நடக்கிறது. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய ஓட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். 1943-ல் சென்னையிலேயே காலமானார். நாம் சின்ன வயதில் விசில் சத்தத்துக்குப் பயந்து வரிசையில் நின்றோமே, அந்த டிரில் மாஸ்டர்களில் எத்தனையோ பேர் அந்தக் கல்லூரியிலோ, அங்கே படித்தவர்களிடமோ பயின்றவர்கள். மணலைக் கொட்டிக் குதிக்கச் சொன்னதும், கம்பைக் கட்டித் தாண்டச் சொன்னதும் அந்தப் பரம்பரை. இப்போது சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே உடற்கல்விக்குத் தனித் துறை இருக்கிறது. அமெரிக்கா மட்டும் போக வேண்டியதில்லை, கீழ வீதியிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் போதும்.

இனி பாட்டியின் கேள்வி. இதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன். ஏனென்றால் தில்லையில் இருந்துகொண்டு பாட்டி கேட்கிறார்! ஆடவல்லானுக்கும் காளிக்கும் நடந்த போட்டியைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் யார்? இருவரும் சளைக்காமல் ஆட, கடைசியில் அவர் ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கி ஆடினார். பெண் என்ற நாணத்தால் காளி அப்படித் தூக்கவில்லை, தோற்று ஊர் எல்லைக்குப் போனாள் என்று கதை. நிருத்த சபையில் அந்த ஊர்த்துவ தாண்டவத்தைப் பார்க்கலாம். ஊரின் வடக்கு எல்லையில் தில்லைக் காளியையும் பார்க்கலாம். புராணத்தில் நான் குறுக்கிடவில்லை. ஆனால் ஒன்று. காளிக்குக் காலைத் தூக்கத் தெரியாமல் இல்லை என்று கதையே ஒப்புக்கொள்கிறது. தூக்கவில்லை, அவ்வளவுதான். தவிரவும், அதே கோயிலின் கோபுர வாசலில் நுழையும்போது இரண்டு பக்கச் சுவரையும் பாட்டி நிமிர்ந்து பார்க்கட்டும். 108 கரணங்களைக் கல்லில் வடித்திருக்கிறார்கள். ஆடுகிற அத்தனை பேரும் பெண்கள். உடம்பை வில்லாக வளைத்திருக்கிறாள் ஒருத்தி. காலைத் தோளுக்கு மேல் கொண்டு போயிருக்கிறாள் இன்னொருத்தி. எத்தனையோ நூறு வருஷமாக அந்த வாசல் வழியாகத்தான் பாட்டிமார்கள் அர்ச்சனைத் தட்டுடன் போய் வருகிறார்கள்.

வெளி தேசத்துப் பாட்டிகளும் லேசானவர்கள் அல்லர். ஆண்களுக்கு 1896-லேயே திறந்த கதவு, பெண்களுக்கு ஒலிம்பிக்கில் 2000-ஆம் வருஷம் ஸிட்னியில்தான் திறந்தது. 104 வருஷம்! தோள் பலம் போதாது, உடம்பு தாங்காது என்றெல்லாம் அதுவரை காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸிட்னியில் அமெரிக்காவின் ஸ்டேஸி டிராகிலா 4.60 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். கில்பர்ட் துரை 1908-ல் தாண்டியது 3.71 என்று சற்று முன்பு எழுதினேன் அல்லவா? கழி வேறு, காலம் வேறு, ஒப்பிடக் கூடாது என்பார்கள். நான் ஒப்பிடுகிறேன். ரஷ்யாவின் எலீனா இஸின்பயேவா 2005-ல் ஐந்து மீட்டரைத் தாண்டிய முதல் பெண், 2009-ல் 5.06 வரை போனார்.

நம் தமிழ்நாட்டுப் பெண்களும் பின்தங்கவில்லை. 2014-ல் வி.எஸ். சுரேகா 4.15 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை செய்தார். எட்டு வருஷம் அதை யாரும் அசைக்க முடியவில்லை. அசைத்தவரும் தமிழ்நாட்டுப் பெண்தான். 2022-ல் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் ரோஸி மீனா 4.20 தாண்டினார். ஐந்து சென்டிமீட்டர்! நம் சுண்டு விரல் நீளம். அதற்கு எட்டு வருஷம் பிடித்திருக்கிறது. அதே போட்டியில் ஆண்கள் பிரிவில் 5.31 தாண்டி அந்நாளைய தேசிய சாதனையை முறித்தவரும் நம் சிவ சுப்பிரமணியம்தான். பாட்டிக்கு இதைச் சொல்லும்போது அளவை மீட்டரில் சொல்ல வேண்டாம். "நம் வீட்டு நிலைப்படிக்கு மேல் இன்னொரு நிலைப்படி வைத்த உயரம்" என்று சொல்லுங்கள்.

கை கால் ஒடியுமா என்பது நியாயமான பயம். அதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். கில்பர்ட் காலத்தில் தாண்டினவர்கள் வெறுந்தரையிலோ மணலிலோ மரத்தூளிலோதான் விழுந்தார்கள். ஆகையால் எவ்வளவு உயரம் போனாலும் பூனை மாதிரிக் காலில் இறங்கத் தெரிந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் கார்னீலியஸ் வார்மர்டாம் என்று ஒரு குடியானவர் வீட்டுப் பிள்ளை இருந்தார். பெற்றோர் ஹாலந்திலிருந்து குடியேறியவர்கள், ரத்தம் போகுமா! கீரைப் பாத்தியில் பீச் மரக்கிளையை ஊன்றிக் குதித்துப் பழகியவர். 1940-ல் மூங்கில் கழியைக் கொண்டு 15 அடியைத் தாண்டிய முதல் மனிதர் ஆனார். மொத்தம் 43 தடவை அந்த உயரத்தைத் தாண்டினார். அந்தக் காலத்தில் வேறு ஒருவர்கூட ஒரு தடவையாவது தாண்டவில்லை. 1942-ல் அவர் தாண்டிய 4.77 மீட்டர் 1957 வரையில் சாதனையாக நின்றது. யுத்தத்தினால் 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடக்காமல் போனதால் அந்த மகானுபாவனுக்கு ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூடக் கிடையாது. பதக்கமில்லாத இவரைத்தான் எனக்குக் கில்பர்ட்டைவிட ஒரு பிடி அதிகம் பிடிக்கும்.

யுத்தத்தில் கிழக்கிலிருந்து மூங்கில் வரத்து நின்றது. எஃகுக் கழி, அலுமினியக் கழி வந்தன. 1960-களில் கண்ணாடி நார்க் கழி வந்து எல்லாவற்றையும் தூக்கி எறிந்தது. இது வில் மாதிரி வளைந்து, நிமிரும்போது ஆளையே உயரத் தூக்கிவிடுகிறது. 2025 செப்டம்பரில் டோக்கியோவில் ஸ்வீடனின் டுப்ளான்டிஸ் 6.30 மீட்டர் தாண்டியது இந்த ஜாதிக் கழியில்தான். அத்தனை உயரத்திலிருந்து விழுகிறவர்களுக்கு மெத்தையும் வளர்ந்தது. கில்பர்ட் சண்டை போட்ட குழியும் இப்போது சட்டமாகிவிட்டது. 20 சென்டிமீட்டர் ஆழத்தில் பெட்டி மாதிரிப் பதித்து, அதில்தான் எல்லோரும் கழியை ஊன்ற வேண்டும்.

ஆகவே, சிதம்பரத்துச் சகோதரியே, காகிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து எடுங்கள். ஆனால் உடனே பேனாவைத் தேடாதீர்கள். முதலில் ஒரு நாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போய் மெத்தையைப் பாருங்கள். பெரிய போட்டிகளில் ஆறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், 80 சென்டிமீட்டர் கனம் வேண்டும் என்று விதி. பழகுகிற இடத்தில் அவ்வளவு இல்லாவிட்டாலும், கிழிந்த பஞ்சு மெத்தை இரண்டைச் சேர்த்துப் போட்டு நடுவில் இடைவெளி விட்டிருந்தால் பேசாமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் கால் மாட்டும். ஊன்றும் பெட்டியைச் சுற்றி மெத்தென்று திண்டு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் கழி. ஒவ்வொரு கழியிலும் இத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்று எழுதியிருக்கும். பெண்ணின் எடையைவிடக் குறைந்த எடைக்கான கழி கூடவே கூடாது, வளைந்து முறியும். முதல் சில மாதம் கம்பே வைக்காமல், கழியைப் பிடித்து ஓடவும், மணலில் ஊன்றி ஊசலாடவும், தலைகீழாகத் தொங்கவும், உருளவும்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். "வந்த வாரமே உயரம் தாண்ட வைக்கிறேன்" என்கிற ஆசிரியர் வேண்டாம். பயிற்சி நடக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கிறாரா, பெண்களாகத் தனியாகப் பழகுகிறார்களா என்பதையும் கேளுங்கள். உடை விஷயத்தில் பாட்டி கவலைப்பட வேண்டாம். கணுக்கால் வரை காற்சட்டை போட்டுக்கொண்டு தாண்டினால் எந்த விதியும் குறுக்கே வராது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கழி விலை அதிகம். உங்களைப் போன்றவர்கள் வாங்க முடியாது, பள்ளிக்கூடமோ சங்கமோதான் வாங்க வேண்டும். பெண் வளர வளரக் கழியும் மாற வேண்டும். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட கழியை வெளியூர்ப் போட்டிக்குக் கொண்டு போவது இன்னொரு தலைவலி. பஸ்ஸில் கண்டக்டர் முறைப்பார், ரயிலில் ஏற்ற விட மாட்டார்கள். இதற்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் என்ன ஏற்பாடு என்று கையெழுத்துக்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் கையெழுத்தைப் போடுங்கள். மாமியாரிடம் கேட்காமல் போடாதீர்கள். கேட்டுவிட்டு, அவர் "வேண்டாம்" என்றாலும் போடுங்கள். மைதானத்துக்குப் போகிற அன்றைக்கு அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போவது உத்தமம். உட்கார நிழல் இருக்கும். சம்பா சாதமும் கொத்சும் ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு போங்கள். பழகிவிட்டு வருகிற பெண்களுக்கு அகோரப் பசி எடுக்கும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மோர் மிளகாயில் பூஞ்சை பிடிக்கிறது என்று எழுதிய சகோதரிக்கு அடுத்த வாரம் பதில் சொல்கிறேன். அதற்குள் மிளகாயை மாடியிலிருந்து இறக்காதீர்கள்.